முனையில் உட்கார்ந்திருந்தவர்

ஒரு வாரமாக நான் நன்றாகத் தூங்குகிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் சொல்லப்போவது என் கண்ணெதிரே நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மண்ணைத் தோண்டிச் செத்தவர்களை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. மண்டை ஓட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்றவள் நான். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், போய் வேலையைப் பார் என்பேன்.

இது இருட்டில் நடந்ததும் இல்லை. நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில் ஜூலை மாதம் சூரியன் மறையவே மறையாது. நடு ராத்திரியிலும் சுள்ளென்று முகத்தில் அடிக்கும். அந்த வெயிலில்தான் நான் அவரைப் பார்த்தேன்.

போன வருடம் ஜூலையில் நாங்கள் மூன்று பேர் அந்தக் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். போர்ஹில்ட்தான் தலைவி. கல்லூரியிலிருந்தே என் சிநேகிதி. சிக்வே எங்களைவிடச் சின்னவன். மூக்குக் கண்ணாடி போட்டவன், எந்நேரமும் வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பான், கேட்டால் எரிச்சலாக வரும். மூன்றாவது நான், தூருன். பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் படகில் ஒரு நாள் போக வேண்டும்.

நாங்கள் தோண்டியது கல்லறைகளை. நானூறு வருடத்துக்கு முன்னால் திமிங்கல வேட்டைக்கு வந்து, அதன் கொழுப்பைக் கரையில் காய்ச்சி, நோயிலும் குளிரிலும் செத்து, அங்கேயே புதைக்கப்பட்ட ஆட்கள். மண்ணுக்குள் உறைபனி என்பதால் உடம்பு, துணி, தலைமுடி எல்லாம் அப்படியே இருக்கும். இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது பனி இளகுகிறது, கடல் கரையைத் தின்கிறது. போன வருடம் கல்லறை இருந்த இடத்தில் இந்த வருடம் அலை அடிக்கிறது. கடல் கொண்டுபோவதற்கு முன்னால் நாங்கள் போய் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு கம்பளித் தொப்பி இருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. குளிரில் எல்லோரும் மூக்கு வரை மூடிக்கொண்டு நின்றால் யார் யாரென்று எப்படித் தெரியும்? தொப்பியின் கோடுகளை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். பச்சைக் கோட்டுக்காரர், கட்டம் போட்டவர் என்று. சிக்வேயின் மனைவி அதில் ஒன்றைப் பார்த்து அவனுக்கும் ஒரு தொப்பி பின்னிக் கொடுத்திருந்தாள். பழுப்பு நிறம், நீலக் கோடு. தூங்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பனிக்கரடி நடமாட்டம் உண்டு. மற்றவர்கள் தூங்கும்போது ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். காவல் மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. காவலில் இருப்பவர் அடுத்தவரின் கூடாரத்துக்கு வந்து, சத்தம் போடாமல், தூக்கப்பையின் மேலாகக் கால் கட்டைவிரலை அழுத்தி எழுப்பிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போவார். எழுந்தவர் அங்கே வந்து, "காவல் இனி என்னுது, நீ போய்ப் படு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்கும் வரை பழைய ஆள் காவலை விடக் கூடாது. ஒரு முறை வேறொரு முகாமில், அவன் இருக்கிறான் என்று இவனும், இவன் இருக்கிறான் என்று அவனும் நினைத்துப் படுத்துவிட்டார்கள். கரடி உள்ளே வந்துவிட்டது. அதிலிருந்து எந்த முகாமிலும் இந்த வார்த்தை இல்லாமல் காவல் மாறுவதில்லை.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையில், மற்றக் கல்லறைகளை விட்டுத் தள்ளி, ஒரே ஒரு கல்லறை இருந்தது. மேலே கற்குவியல். பெட்டியின் கால்மாட்டுப் பலகை மண்மேட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே வெறும் காற்று, அதற்கும் கீழே கடல். அவர் தொப்பியை நாங்கள் பார்த்ததில்லை, அதனால் அவருக்கு மட்டும் பெயர் இல்லை.

சிக்வே அவரைப் பற்றி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். திமிங்கலம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல முனையில் ஒரு காவலாள் உட்கார்ந்திருப்பான், இவர் அந்த ஆளாக இருக்கும், உட்கார்ந்த இடத்திலேயே புதைத்துவிட்டுக் கப்பலில் போய்விட்டார்கள் என்பான். இருக்கலாம். நாலா பக்கமும் தெரிகிற இடம் அதுதான். எங்கள் காவல் பெட்டியையும் அதற்குச் சற்று உள்ளே தள்ளித்தான் போட்டிருந்தோம். துப்பாக்கி, கரடியை விரட்டும் தீப்பொறித் துப்பாக்கி, காபி ஃப்ளாஸ்க் எல்லாம் அந்தப் பெட்டி மேல் இருக்கும்.

எங்களுக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. மறுநாள் சாயங்காலம் கப்பல். முனைக்காரரை விட்டுவிடலாம் என்றாள் போர்ஹில்ட். எனக்கு ஆத்திரம் வந்தது.

"மண்ணு வெடிச்சு நிக்குதுடி. செத்தவனுக்காக உன்னைச் சாக விட முடியாது" என்றாள்.

"கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கறேன்."

"பிடிவாதம் பிடிக்காதே."

நான் பிடிவாதம் பிடித்தேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் கோரே, எங்கள் ஊர் வார்டோவிலிருந்து மீன்பிடிப் படகில் போனவன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயர் வெட்டிய கல் இருக்கிறது, அடியில் யாரும் இல்லை. அம்மா சாகும் வரை அந்த வெறும் மண்ணுக்குத்தான் தண்ணீர் ஊற்றினாள். கடலுக்குப் போனவனை யாராலும் கொண்டுவர முடியாது. ஆனால் இவர் இன்னும் போகவில்லை. கை எட்டும் தூரத்தில் இருக்கிறார். இந்த ஒருவரையாவது கடலுக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

போர்ஹில்ட் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அண்ணன் கதை தெரியும்.

"காலையில தண்ணி வத்தினதும் ஒரே ஒரு தடவை. முடியலேன்னா விட்டுடணும். அழக்கூடாது" என்றாள்.

படுக்கப் போகுமுன் முனைக்குப் போனேன். செத்தவர்களிடம் பேசுவது என் பழக்கம். நாளெல்லாம் அவர்களோடு இருக்கிறோம், பேசாமல் எப்படி? "கொஞ்சம் பொறுத்துக்கோங்க. காலையில வந்து எடுத்துடறேன்" என்றேன். முதல் காவலுக்கு வந்த சிக்வே அதைக் கேட்டுவிட்டான்.

"பதில் வந்துச்சா?" என்றான்.

"உன் பாட்டை நிறுத்தச் சொல்றாரு" என்றேன்.

சிரித்துக்கொண்டே பெட்டி மேல் உட்கார்ந்தான். பதினொன்றிலிருந்து இரண்டு வரை அவன் முறை. இரண்டிலிருந்து ஐந்து வரை நான். அதற்குப் பிறகு போர்ஹில்ட். நான் டப்பா மீனும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு, கண்ணுக்கு மேல் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அந்த வெளிச்சத்தில் வேறெப்படித் தூங்குவது?

கால் கட்டைவிரலை யாரோ அழுத்தினார்கள்.

விட்டார்கள். மறுபடி அழுத்தினார்கள்.

துணியை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்து. இரண்டு ஆக இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. பாவிப் பயலே, என் தூக்கத்தில் கை வைக்கிறாயா, காலையில் உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று திட்டிக்கொண்டே எழுந்தேன். கால் விரல் மரத்துப் போயிருந்தது. என் தூக்கப்பை நல்ல தடிமனானது. அதைத் தாண்டிக் குளிர் எப்படி இறங்கியது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

என் ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டேன். பழைய கோட்டு. இடது முழங்கை கிழிந்து, கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன்.

நல்ல வெயில். காற்று இல்லை. ஆனால் ஏதோ குறைந்தது.

கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் புரிந்தது. பறவைகள். பின்னாலிருக்கும் பாறையில் ஆயிரக்கணக்கில் கடல்பறவைகள், இருபத்து நான்கு மணி நேரமும் கத்தித் தீர்க்கும். அவை பாறையில்தான் இருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

முனையில் சிக்வே உட்கார்ந்திருந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலையில் அந்தப் பழுப்புத் தொப்பி. ஆனால் பெட்டி மேல் இல்லை. அதைத் தாண்டி, கற்குவியலுக்குப் பக்கத்தில், தரையில். மண் வெடித்திருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே என்று போர்ஹில்ட் நூறு முறை சொன்ன இடம்.

துப்பாக்கி பெட்டி மேலேயே கிடந்தது. காவலில் இருப்பவன் துப்பாக்கியை விட்டுவிட்டு உட்காருவானா? எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை.

"ஏண்டா, அங்க போய் உக்காந்திருக்கே? இங்க வா."

அவன் திரும்பவில்லை.

சரி, குளிரில் விறைத்துப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். ஃப்ளாஸ்க்கிலிருந்து அவன் கோப்பையில் சூடாகக் காபி ஊற்றினேன். வெடிப்பைத் தாண்டாமல், எட்டி, அவன் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு வாடை அடித்தது. கொழுப்பு கருகுகிற வாடை. நாங்கள் சூடாக்கிய டப்பா மீனாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவன் பாடவில்லை.

அவன் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கரடிக் காவலில் இருப்பவன் தலை ஒரு பக்கம் நிற்காது. மலை, கரை, கடல் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இவன் தலை அசையவே இல்லை.

எனக்குத் தூக்கக் கலக்கம். சீக்கிரம் அனுப்பிவிட்டு உட்காரலாம் என்று நினைத்தேன். பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"காவல் இனி என்னுது. நீ போய்ப் படு."

அவர் தோள்கள் இறங்கின. ரொம்ப நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி.

அப்போதுதான்... எனக்குப் பின்னால்... ஒரு சத்தம் கேட்டது.

கொர்ர்ர்...

குறட்டை.

சிக்வேயின் கூடாரத்திலிருந்து.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருப்பதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தொப்பியின் கோடுகளைப் பார்த்தேன். நீலம் இல்லை.

சிவப்பு... சிவப்பு... மஞ்சள்.

அவர் எழுந்தார். மெதுவாகத் திரும்பினார். தொப்பி புருவம் வரை. துணி மூக்கு வரை. நடுவில் கண்கள் மட்டும். கண்ணாடி இல்லை.

கெட்ட கண்கள் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. தூக்கத்துக்கு ஏங்கிச் சிவந்த கண்கள்.

எனக்குத் தலையைத் தாழ்த்தினார்.

பிறகு விளிம்பில் உட்கார்ந்தார். காலைத் தொங்கவிட்டார். கட்டிலில் படுக்கப் போகிறவர் மாதிரி, உடம்பை மெல்லக் கீழே இறக்கினார்.

"வேண்டாம்..." என்றேன்.

ஒரு கல் உருண்டது. டக்.

இன்னொன்று. டக்... டக்...

அப்புறம் முனை முழுதும் அடிவயிற்றிலிருந்து முனகுவது போல ஒரு சத்தத்தோடு சரிந்தது.

என் பூட்ஸ் முனைக்கு முன்னால் தரை இல்லை.

பாறையில் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. நானும் கத்தினேன். போர்ஹில்ட் உள்ளாடையோடு, கூடாரத்தில் வைத்திருந்த இன்னொரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே சிக்வே, கண்ணைக் கசக்கிக்கொண்டு, நீலக் கோட்டுத் தொப்பியோடு. நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். ஏன் காவலை விட்டுப் போனாய் என்று கேட்டேன்.

"நீதானே வந்து மாத்தினே?" என்றான்.

அவன் சொன்னது இது. ஒரு மணி இருக்கும். அவனுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று, தோளில் கை வைத்தார்கள். கை ரொம்பக் குளிர்ந்திருந்தது. வார்த்தையைச் சொல்லவில்லை. நான்தான் தூக்கம் வராமல் சீக்கிரமே வந்துவிட்டேன் போல, வாயைத் திறக்கவும் சோம்பல் என்று நினைத்துக்கொண்டான். வெயில் எதிரே அடித்ததால் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போய்ப் படுத்துவிட்டான். வார்த்தை இல்லாமல் போனது அவன் தப்பு. ஆனால் வார்த்தையைச் சொன்னது நான்.

தண்ணீர் வற்றியதும் கீழே இறங்கிப் பார்த்தோம். பெட்டியின் இரண்டு பலகைகள் கிடைத்தன. அவர் இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது. ஒரு பாறை மேல், யாரோ கழற்றி வைத்தது மாதிரி, தொப்பி மட்டும் இருந்தது. பழுப்புத் தொப்பி. சிவப்பு, சிவப்பு, மஞ்சள். அதற்குப் பக்கத்தில் சிக்வேயின் கோப்பை. ஒரு துளி சிந்தாமல் காபி அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கல்லாக உறைந்திருந்தது. அன்று எங்களில் யாருக்கும் கையுறைகூடத் தேவைப்படவில்லை, அப்படிப்பட்ட வெயில்.

அழக்கூடாது என்று போர்ஹில்ட் சொல்லியிருந்தாள். நான் அழுதேன். காலையில் வந்து எடுக்கிறேன் என்று சொன்ன நானே, போய்ப் படு என்று அவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டேன். தூக்கம் இல்லாததால் உனக்கு என்னென்னவோ தோன்றுகிறது என்று போர்ஹில்ட் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதற்குமேல் யாரும் படுக்கவில்லை. கூடாரங்களைப் பிரித்தோம். கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எனக்குப் பிறகு காவலை ஏற்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

என்னிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ட்ரோம்ஸோ நகரத்தில் என் வீட்டில் நான் தனிக்கட்டை. நாய் பூனைகூட இல்லை. திரும்பி வந்த முதல் ராத்திரி, ஒன்று பத்துக்கு, யாரோ என் கால் கட்டைவிரலை அழுத்தினார்கள்.

மறுநாளும். அதற்கு மறுநாளும்.

எழுந்தால் சும்மா படுத்திருக்க முடியாது. போய்ச் சமையலறை ஜன்னலில் உட்கார வேண்டும். கடலைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், தூங்குகிற யாரையோ ஆபத்தில் விட்டுவிட்டு வந்தது மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐந்து மணிக்குத்தான் விடும். டாக்டரிடம் போனேன், மாத்திரை தின்றேன். எதற்கும் கேட்கவில்லை. நீ போய்ப் படு என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிப் பார்த்தேன். வெறும் வீட்டில் என் குரலைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. அதை இன்னொருவர் சொல்ல வேண்டும். ஒரு நாள் சிக்வேக்கு ஃபோன் செய்தேன். கேட்க வாய் வரை வந்துவிட்டது. பின்னால் அவன் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

இலையுதிர்காலம் போனது. இரண்டு மாத இருட்டு போனது. மறுபடி சூரியன் வந்து ராத்திரியிலும் மறையாமல் நின்றது. ஒரு நாள்கூட நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு ஃபோன் வந்தது. பேசியவள் பெயர் ராக்னா. நான் பார்த்ததில்லை. இந்த ஜூலையில் அதே கரையில் வேறொரு குழு கூடாரம் போட்டிருக்கிறது. அவள் அவர்களுடைய கரடிக் காவலாள். போர்ஹில்ட்டிடம் என் எண்ணை வாங்கினாளாம்.

"உங்க ஆளுங்க யாராவது திரும்பி இங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே. ஏன்?"

"ராத்திரி அந்த இடிஞ்ச முனை விளிம்புல ஒரு பொம்பளை வந்து உக்கார்றாங்க. ஒண்ணு பத்துக்கு. கடலையே பாத்துக்கிட்டு. அஞ்சு மணிக்கு ஆளைக் காணோம்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பாக்க எப்படி இருக்காங்க?"

"முகம் தெரியலை. ஆரஞ்சுக் கோட்டு. இடது முழங்கையில கறுப்பு டேப்பு."

என் கோட்டு எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப பாவமா இருக்கு. யாருமே மாத்த வராத மாதிரி உக்காந்திருக்காங்க. நான் போய் அந்த வார்த்தையைச் சொல்லிடலாமான்னு பாக்கறேன்."

ஃபோனில் காற்று இரைந்தது. ஒரு வருடத் தூக்கம் அந்தப் பக்கம் நின்றது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"சொல்லாதீங்க" என்றேன். "கிட்டயே போகாதீங்க. ஏன்னு கேக்காதீங்க, ராக்னா. அங்கேர்ந்து கூடாரத்தை மாத்திடுங்க."

சரி என்றாள்.

அன்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே முக்கால். ஒன்று. ஒன்று ஐந்து...

கண்ணைத் திறந்தபோது மணி ஒன்பது.

யாரும் காலைத் தொடவில்லை. விரல்கள் கதகதப்பாக இருந்தன. முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் புரிந்தது. ஃபோனை எடுத்தேன்.

ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தாள். அலைச் சத்தம் கேட்டது. பறவைச் சத்தம் இல்லை.

"ராக்னா, என்ன பண்ணிட்டீங்க?"

எதையோ பார்த்துக்கொண்டே பேசுகிறவள் போல, மெதுவாகக் கேட்டாள்.

"நல்லாத் தூங்கினீங்களா?"